முதலில் பெயர், அப்புறம் பலகை: வீட்டுப் பெயர்ப்பலகையைக் கையால் எழுதிப் பரிசளிக்க ஒரு வழிகாட்டி

கிரகப்பிரவேசத்துக்குப் போகும்போது என்ன வாங்கிப் போவது என்பது எல்லார் வீட்டிலும் வரும் கேள்வி. சுவர்க்கடிகாரம் ஏற்கெனவே நாலு வந்திருக்கும். எவர்சில்வர் குடம் பரணுக்குப் போகும். நான் சில வருடங்களாக அந்த வீட்டின் பெயரை மரப்பலகையில் கையால் எழுதிக் கொடுத்துவருகிறேன். நான் ஓவியன் இல்லை. பள்ளியில் என் படம் வரையும் நோட்டைப் பார்த்தவர்கள் இதை நம்பவும் மாட்டார்கள். எழுத்துப் பலகைக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. அளக்கத் தெரிந்து, காயும்வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அழகான பலகை ஒன்றை வாங்கிவிட்டு, அதற்குள் பெயரை எழுதப் பார்ப்பார்கள். முதல் இரண்டு எழுத்து ராஜா மாதிரி உட்காரும். கடைசி எழுத்து பஸ் படிக்கட்டில் தொங்கும். என் முதல் பலகையும் அப்படித்தான் வந்தது. ஆகவே மரக்கடைக்கு முன்னால் பிரின்ட் கடைக்குப் போங்கள். பெயர் எவ்வளவு இடம் கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் பலகையின் அளவு.

பெயரை அளப்பது

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: பூஞ்சோலை. எண்ணிப் பார்த்தால் நாலே எழுத்து. ஆனால் பலகையில் அது ஏழு உருவமாக வந்து நிற்கும். பூ ஒன்று, ஞ் ஒன்று, ‘சோ’வுக்கு இரட்டைக்கொம்பு, ச, கால் என்று மூன்று, ‘லை’க்குச் சங்கிலிக்கொம்பும் ல-வும் சேர்ந்து இரண்டு. எழுத்தை எண்ணி இடம் பிரித்தால் ஏமாந்துபோவோம். உருவத்தை எண்ண வேண்டும். அதிலும் எல்லா உருவமும் ஒரே அகலம் இல்லை. ப, ட, கால் ஆகியவை ஒல்லி. ஞ, ண, சங்கிலிக்கொம்பு ஆகியவை குண்டு.

மேலும் கீழும் கணக்கு உண்டு. ‘பூ’வின் கோடு கீழே இறங்கும். ‘ஞ்’சின் புள்ளி மேலே நிற்கும். கி, கீ போன்ற எழுத்து வந்தால் மேல்விலங்கு தலைக்கு மேலே வளையும். ழ வந்தால் வால் கீழே போகும். அதனால் எழுத்தின் உடம்பு 2 அங்குலம் என்றால், மேலே புள்ளிக்கு முக்கால் அங்குலம், கீழே இறக்கத்துக்கு முக்கால் அங்குலம் ஒதுக்க வேண்டும். நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: புள்ளியின் உச்சி, உடம்பின் தலை, உடம்பின் அடி, வாலின் நுனி. இரண்டாம் வகுப்பில் வாங்கிய நாலு கோடு நோட்டு நினைவுக்கு வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

உடம்பு 2 அங்குலம் என்று ஏன் சொன்னேன்? 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. வாசல் கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவே 20 அடி இருந்தால் 2 அங்குலம். தமிழுக்கு நான் இதில் கஞ்சத்தனம் செய்யமாட்டேன், சற்றுக் கூட்டியே வைப்பேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும். வரவேற்பறைக்குள் மாட்டும் பலகையானால் ஒன்றரை அங்குலம் தாராளம்.

2 அங்குல உடம்பில் ‘பூஞ்சோலை’யை எழுதினால், எழுத்துருவைப் பொறுத்து, சுமார் 15 அங்குல நீளம் வரும். இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம் விட்டால் பலகை 20 அங்குலம். உயரம், மேல் கீழ் ஓரங்களையும் சேர்த்து, 7 அங்குலம். இந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் மரக்கடைக்குப் போகலாம்.

எழுத்துருவுக்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்களில் பாலூ தம்பி தடித்து உருண்டு இருக்கும், தூரத்திலிருந்தும் நன்றாகத் தெரியும். மீரா இனிமை சாதுவானது. கவிவனார் சாய்ந்த கையெழுத்துப் போல இருக்கும், வீட்டுக்குள் மாட்ட அழகு. கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, தேவையான அளவுக்குப் பெரிதாக்கி, ஏ4 தாள்களில் பிரின்ட் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, வாசல்வரை நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். அந்த ஒரு நடை ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

பெயர் நீளமாக இருந்து இரண்டு வரி ஆக்கினால், ஒரு சொல்லை நடுவில் உடைக்காதீர்கள். கொம்பு மேல் வரியிலும் அதன் எழுத்து கீழ் வரியிலும் நிற்கும் பலகைகளை ஊரில் பார்த்திருக்கிறேன். குழந்தையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அம்மா கீழே நிற்பது மாதிரி இருக்கும்.

வயதானவர்களுக்குச் செய்கிறீர்கள் என்றால் ஒன்று யோசிக்கலாம். இன்று நாம் எழுதும் லை, னை, ணை, ளை வடிவங்கள் தமிழ்நாட்டில் 1978 அரசாணைக்குப் பிறகு வந்தவை. பெரியார் தம் இதழ்களில் வெகுகாலம் முன்பே கையாண்ட சீர்திருத்தம் அது. அதற்கு முன்னால் ‘லை’ எழுதும்போது தனிக்கொம்பு கிடையாது. எழுத்தின் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியவர் ஒருவருக்கு அந்தப் பழைய ‘லை’யில் எழுதிக் கொடுத்தேன். பலகையை விட்டுவிட்டு அந்த எழுத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டுக்காரர்களிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். பேரப்பிள்ளைகள் தப்பாக எழுதியிருக்கிறது என்பார்கள்.

எழுத்துப்பிழை பார்க்க நல்ல இடம் கிரகப்பிரவேசப் பத்திரிகை. வீட்டின் பெயர் அதில் அச்சாகியிருக்கும், ரகசியமும் கெடாது. பத்திரிகையிலேயே பிழை இருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், மூன்று சுழி ண-வா இரண்டு சுழி ன-வா என்று சந்தேகம் வந்தால் அந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கக்கூடிய ஒருவரைப் பிடித்துக் கேட்டுவிடுங்கள்.

மரம்

புதியவர்களுக்கு நான் சொல்வது பிளைவுட்தான். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் எளிதில் வளையாது, வெடிக்காது, கணு இல்லை, பெயிண்ட்டை ஒழுங்காக வாங்கும். வீட்டுக்குள் மாட்ட, ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். ரகம் போதும். வெளியே, மழைச்சாரல் படும் இடமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். 12 மி.மீ. கனம் சரியாக இருக்கும். கடையிலேயே அளவுக்கு அறுத்துத் தருவார்கள். வெட்டுத் துண்டுகளில் தேடினால் விலையும் குறையும்.

மரம் மரமாகத் தெரிய வேண்டும் என்றால் தேக்கு. ஆசாரி பட்டறையில் கதவு வேலை முடிந்து கிடக்கும் துண்டுகளில் 7 அங்குல அகலம் சில சமயம் கிடைக்கும். பச்சை மரம் மட்டும் வேண்டாம். காயும்போது சுருங்கி, எழுத்தின் நடுவே கோடு விடும்.

பேக்கிங் பெட்டியில் வரும் பைன் பலகை மலிவு; பார்க்கவும் அழகு. ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஏற்றுமதிப் பெட்டிகளில் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி முத்திரை இருக்கும். HT (ஹெச்.டி.) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். MB (எம்.பி.) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் விஷவாயுப் புகை போட்டது, விட்டுவிடுங்கள். பைனில் கணு இருந்தால் அதிலிருக்கும் பிசின் சில மாதம் கழித்து வெள்ளைப் பெயிண்ட்டின் மேல் மஞ்சளாகக் கசியும். கணு இல்லாத பக்கத்தை முன்னால் வையுங்கள்.

பழைய வீட்டுக் கதவு, ஜன்னல் மரத்தில் செய்வது இப்போது ஒரு மோகம். எனக்கும் பிடிக்கும். ஒரே எச்சரிக்கை, அதன் மேல் இருக்கும் பழைய பெயிண்ட். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூசி பறக்கும் வாய்ப்பு உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம். பெயிண்ட் இல்லாத பின்பக்கத்தைத் திருப்பிப் பயன்படுத்துங்கள். பரணில் கிடக்கும் பழைய டப்பாவையும் இதே காரணத்தால் திறக்காதீர்கள்.

பலகையைத் தயார் செய்வது

இது சலிப்பான வேலை, ஆனால் சுருக்கமானது. 80-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 120, பிறகு 220. மர ரேகையோடு போகும் திசையில் மட்டும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் பெயிண்ட்டுக்கு மேலும் தெரியும். கூர்மையான ஓரங்களைக் கொஞ்சம் மழுக்குங்கள், பெயிண்ட் உரிய ஆரம்பிப்பது எப்போதும் ஓரத்தில்தான். பள்ளம் இருந்தால் மரப் பட்டி வைத்துக் காயவிட்டுத் தேய்க்கலாம்.

அடுத்தது வுட் பிரைமர், அதாவது பெயிண்ட்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு, ஒரு கோட்டு. முன்னால், பின்னால், நாலு பக்கவாட்டு, எல்லா இடத்திலும். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால், அந்தப் பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். அறுத்த முனைகள்தான் அதிகம் ஈரம் இழுக்கும், அங்கே இரண்டு கோட்டு. மறுநாள் 220-ல் லேசாக ஒரு தேய்ப்பு.

பின்னணி நிறத்துக்கு அக்ரிலிக், எழுத்துக்கு எனாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எனாமல் எழுத்து பிசகினால், காய்வதற்குள் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் பின்னணி அதற்கு அசையாது. அழிரப்பர் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது போலத்தான். தலைகீழாகச் செய்தால், அதாவது பளபளப்பான எனாமல் மேல் அக்ரிலிக் எழுதினால், பிடிப்பே இருக்காது, நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

அக்ரிலிக் அரை மணியில் தொடக் காயும். இரண்டு மூன்று மெல்லிய கோட்டு அடித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். போஸ்டர் கலர் வேண்டாம், ஒரு சாரலில் அழுதுவிடும்.

நிறம் உங்கள் விருப்பம், ஆனால் வெளிச்ச வித்தியாசம் வேண்டும். கரும்பச்சை மேல் சந்தன நிறம், கருநீலத்தின் மேல் வெள்ளை, மஞ்சளின் மேல் கறுப்பு எல்லாம் எடுபடும். தேக்கு நிறத்தின் மேல் சிவப்பு, கையில் பார்க்கும்போது அருமை, வாசலில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. சந்தேகமென்றால் இரண்டு நிறத்தையும் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மாற்றுங்கள்.

எழுத்தைப் பலகைக்கு மாற்றுவது

வெளிர் பின்னணி என்றால் கார்பன் பேப்பர் போதும். கரும் பின்னணியில் கார்பன் தெரியாது. பிரின்ட் தாளின் பின்பக்கம் முழுக்க வெள்ளைச் சாக்பீஸால் தேய்த்து, பலகையில் டேப் போட்டு ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுத்தின் விளிம்பில் ஓட்டுங்கள். கீழே மெல்லிய வெள்ளைக் கோடு விழுந்திருக்கும்.

ஒரே பெயரை இரண்டு மூன்று பலகையில் எழுத வேண்டுமானால் ஆரி வேலை செய்யும் பெண்கள் பிளவுஸ் துணியில் டிசைன் போடுவதைப் பாருங்கள். டிரேசிங் தாளில் கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, மேலே பொடி தேய்ப்பார்கள். அதே முறைதான். சாக்பீஸ் பொடியை மெல்லிய துணியில் முடிந்து, துளையிட்ட தாளின் மேல் ஒற்றினால் புள்ளிக்கோலம் மாதிரி எழுத்து இறங்கும். ஒரு தாள் எத்தனை பலகைக்கும் வரும்.

தாளை எடுப்பதற்கு முன் ஒரு மூலையை மட்டும் தூக்கி, எல்லா எழுத்தும் விழுந்ததா என்று பாருங்கள். மொத்தமாகத் தூக்கிவிட்டு, ‘ஞ்’சின் புள்ளியைக் காணோம் என்று திரும்ப வைத்தால் ஒருநாளும் அதே இடத்தில் உட்காராது.

எழுதுவது

இரண்டு பிரஷ் போதும். விளிம்புக்கு 2-ம் நம்பர் உருண்டை, உள்ளே நிரப்ப 6-ம் நம்பர் தட்டை. இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மயிர் உதிரும் பிரஷ்ஷால் நான் பட்ட பாடு போதும்.

எனாமலை டப்பாவிலிருந்து அப்படியே எழுதினால் இழுக்கும். சிறிய மூடியில் கொஞ்சம் எடுத்து, சில சொட்டு டர்பன்டைன் விட்டுக் கலக்குங்கள். தோசை மாவைவிடச் சற்றே நீர்த்திருக்க வேண்டும். பிரஷ்ஷை நிமிர்த்தினால் சொட்டக்கூடாது, பலகையில் இழுத்தால் திணறக்கூடாது. பழைய தாளில் பத்து கோடு இழுத்துப் பாருங்கள், கை சொல்லிவிடும்.

கை நடுங்குகிறதா? எல்லாருக்கும் நடுங்கும். கடை போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட்டுகள் நுனியில் துணிப்பந்து கட்டிய நீளக் குச்சி ஒன்றை இடது கையில் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்வார்கள். ஒட்டடைக் குச்சியில் ஒரு முழம் வெட்டி, பழைய பனியன் துணியைச் சுற்றினால் உங்களுக்கும் அது தயார். அதன் பிறகு கோடு விரலிலிருந்து வராமல் தோளிலிருந்து வரும்.

ஆங்கில எழுத்தைப் போல வெளி விளிம்பிலிருந்து தொடங்காதீர்கள். தமிழ் எழுத்தின் உயிர் சுழிக்குள் இருக்கும் ஓட்டையில் இருக்கிறது. முதலில் அந்த உள்வட்டத்தின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு இழுத்துக் காப்பாற்றிவிடுங்கள். பிறகு வெளி விளிம்பு, பிறகு நடுவில் நிரப்பல். வெளியிலிருந்து வந்தால் பெயிண்ட் உள்ளே தள்ளித் தள்ளிச் சுழி அடைந்துபோகும். புள்ளியைக் கடைசியாக, ஒரே தொடுதலில் வையுங்கள். அது பெரிதாக இருந்தால் தப்பில்லை. புள்ளி சிறுத்தால் தூரத்திலிருந்து ‘பூஞ்சோலை’ ‘பூஞசோலை’ ஆகிவிடும்.

‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் அந்தச் சாய்ந்த அடிக்கோடுதான். அலங்கார எழுத்துருக்களில் அது குட்டையாக இருக்கும். நீங்கள் கொஞ்சம் நீட்டிவிடுங்கள்.

இடமிருந்து வலமாகப் போங்கள், கை ஈரத்தில் படாது. ஒரு கோட்டுப் பெயிண்ட்டில் பின்னணி மறையாவிட்டால் அதன் மேலேயே திரும்பத் தடவாதீர்கள். ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் இரண்டாம் கோட்டு.

ஷேடு வேண்டுமா என்றால், முதல் பலகைக்கு வேண்டாம். ஆசை விடவில்லை என்றால் எல்லா எழுத்துக்கும் இடது கீழ்ப்பக்கம் மட்டும், எழுத்தை ஒட்டாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு, பின்னணியைவிடக் கருத்த நிறத்தில் போடுங்கள்.

மேல் பூச்சு, அப்புறம் என் சோகக்கதை

அக்கா வீட்டுக்குச் செய்த பலகை. விசேஷத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எழுத்து காய்ந்துவிட்டது என்று நினைத்து, கையில் இருந்த என்.சி. லாக்கரை (மரச்சாமானுக்கு அடிக்கும், சீக்கிரம் காயும் தெளிந்த பூச்சு) மேலே அடித்தேன். ஐந்து நிமிடத்தில் எழுத்தெல்லாம் அப்பளம் மாதிரி கொப்பளித்துச் சுருங்கியது. லாக்கரில் இருக்கும் கடுமையான தின்னர் முழுதாக இறுகாத எனாமலைக் கிளப்பிவிடும் என்று பிறகு ஒரு பாலிஷ்காரர் சொன்னார். அன்றைக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறும் கையோடு போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

அதனால், எனாமல் எழுத்தை ஒரு வாரம் விடுங்கள். வீட்டுக்குள் மாட்டுவதற்கு மேல் பூச்சே தேவையில்லை. வெளியே என்றால் எண்ணெய் வகைத் தெளி வார்னிஷ், வெயில் தாங்கும் ரகமாகக் கேட்டு, மெல்லியதாக இரண்டு கோட்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். எல்லாமே இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். லாக்கர் வகைகள் காற்றின் ஈரத்தில் வெள்ளை பூத்துப்போகும். மொத்தத்தில் விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்தால் நிம்மதி.

மாட்டுவதும் கொடுப்பதும்

பின்பக்கம் இரண்டு கொக்கி, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில், இரண்டும் ஒரே மட்டத்தில். வெளியே மாட்டும் பலகைக்கு எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்க்ரூ. இரும்பு போட்டால் முதல் மழையிலேயே துரு வழிந்து கண்மை கலைந்தது போலாகும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுப் போக, நாலு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். ஈரமும் கரையானும் தங்காது. பின்பக்கத்தில் தேதியையும் உங்கள் பெயரையும் சிறிதாக எழுதுங்கள், யாருக்கும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பொதியும்போது பபிள் ஷீட் நேராகப் படக்கூடாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே எனாமல் இளசாகத்தான் இருக்கும். குமிழ் குமிழாக அச்சு விழுந்துவிடும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, அதற்கு மேல் அட்டை.

கூடவே இரண்டு ஸ்க்ரூவும் இரண்டு பிளாஸ்டிக் பிளக்கும் ஒரு சின்னக் கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். புது வீட்டில் அன்றைக்கு எலெக்ட்ரீஷியன் இருப்பார், டிரில் மிஷின் இருக்கும், ஏணியும் இருக்கும். சரியான ஸ்க்ரூ மட்டும் இருக்காது.